எந்நேரமும் மாலையாக இருந்த வீடு

சிங்கப்பூரிலிருந்து நான் போன் செய்தபோது எடுத்தவள் ஒரு பெண். "வணக்கம். உங்க வீட்டிலேருந்துதான் பேசறேன். எப்ப வர்றீங்க?" என்றாள்.

விற்பனைக்காரர்களின் குரல் எனக்குப் பழக்கம். இது அந்த ரகம் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு ஓடிவந்து போனை எடுத்தவளின் குரல். வழி கேட்டேன். பெங்களூரில் ஓசூர் சாலை, பொம்மசந்திரா தாண்டி, மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலைக்குள் என்றாள். "நீங்க சாயங்காலமா வாங்க. பசங்களும் ஸ்கூல்லேருந்து வந்துடுவாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். யாருடைய பசங்க என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

என் கணவர் தனபாலுக்குப் பெங்களூர் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. குடியாத்தத்து வெயிலில் வளர்ந்தவர். கோடை விடுமுறைக்கு ஜீவனஹள்ளியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய், மே மாதத்தில் போர்வை போர்த்தித் தூங்கியதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு அடுக்குமாடி வீடு வாங்க வேண்டும் என்பது அவர் திட்டம். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாக, அந்தப் போன் எண்ணோடு வழவழப்பான அட்டை ஒன்று வந்து சேர்ந்தது. ஏரிக்கரையில் ஒரு கட்டடம், அதன் பால்கனியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நர்ஸான எனக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. "நீ பார்த்துட்டு மட்டும் வா சரோ" என்று அனுப்பிவைத்தார்.

விமானம், ரயில் என்று மாறி வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் குளிர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மார்கழி. ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், நான் விழித்ததும் உருதுவுக்கு மாறினார், கடைசியில், "தமிழா, முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா" என்று வண்டியை எடுத்தார். பாதி வழியில் வண்டி இருமி நின்றது. சூடு ஆறட்டும் என்று எதிரே இருந்த கடையில் 'பை டூ' டீ சொல்லி, பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினார். சிங்கப்பூரில் ஒரு டாக்சிக்காரர் தன் டீயில் பாதியைப் பயணிக்குக் கொடுத்தால் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். இங்கே அவர் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஜீவனஹள்ளியில் அந்த அத்தையின் மகள் கஸ்தூரி இருக்கிறாள். அவள் கணவர் லாரியோடு பாதி மாதம் வெளியூர். என்னைக் கண்டதும், "இன்னா அண்ணி, இப்டி எளச்சிக்கினே போறீங்க" என்று பையை வாங்கிக்கொண்டாள். ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்துவைத்திருந்தாள். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றதைப் பார்த்துச் சிரித்தாள். அட்டையைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தாண்ட ஏரியே கெடையாதே அண்ணி. ஒருவேள புதுசா வெட்டிக்கினாங்களோ?"

மறுநாள் பஸ்ஸில் போனேன். ஓசூர் சாலை முழுக்க கம்பெனி பஸ்கள், கண்ணாடி ஏற்றிய ஜன்னல்களுக்குள் தூங்கும் இளம் முகங்கள். எங்கள் பஸ் வழியில் பஞ்சராகி, எல்லோரும் அடுத்த பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறினோம். கண்டக்டர் தமிழும் கன்னடமுமாக, "இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க, உள்ளே ஒரு ஊரே காலியாக் கெடக்கு" என்று கூவிக்கொண்டிருந்தார். நீலக் கோட்டுப் போட்ட ஒரு தொழிற்சாலைப் பெண், வலிக்கும் முழங்காலை நான் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள். நின்றபடியே, கம்பியில் நெற்றியை வைத்து அவள் தூங்கிப்போனாள்.

தொழிற்சாலை வாசலில், தலைக்குப் பெரிதான தொப்பி போட்ட வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். "உங்க வீட்டுக்கு நல்வரவு" என்றார்.

உள்ளே பெரிய இருட்டுக் கொட்டகை. தகரக் கூரையில் புறாக்கள் நடக்கும் சத்தம். கொட்டகையின் நடுவே, பிறந்தநாள் கேக்கை வைத்ததுபோல, ஒரே ஒரு வீடு தனியாக நின்றது. மாடியும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஐந்தாறு படி ஏறினால் திறந்தே கிடக்கும் கதவு. பெயர்ப் பலகை இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஹாலில் சோபா, டிவி, பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஏரியின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மாலை. வெளியே உச்சி வெயிலில் வந்தவள் நான். கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் விளக்குப் போட்ட படம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் உடம்பு நம்பிவிட்டது. நேரமாகிவிட்டதே, கஸ்தூரி தேடுவாளே என்று ஒரு பதற்றம் வந்தது.

எனக்கு முன்பே ஓர் இளம் தம்பதி வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், கம்ப்யூட்டர் வேலை, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பும்போது பார்த்தேன். அதில் ஓர் எழுத்தும் இல்லை.

சமையலறையிலிருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தட்டோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். "வாங்க வாங்க, காபி எடுத்துக்குங்க" என்றாள். போனில் கேட்ட அதே குரல். கோப்பையை வாங்கினேன். காலியாக இருந்தது. கோயம்புத்தூர்ப் பெண்ணின் கோப்பையைப் பார்த்தேன், அதுவும் காலி. அவள் அதை உதட்டில் வைத்து, கண்ணை மூடி ஒரு வாய் குடித்து, "சூப்பரா இருக்குங்க" என்றாள். அவள் கணவரும் குடித்தார். பட்டுப்புடவைக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியவில்லை. கோப்பையைத் தூக்கிக் குடித்தேன். "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றேன்.

"அடுத்த தடவ கம்மியாப் போடறன் அக்கா" என்றாள் அவள்.

உள் அறையில் மேசை விளக்கின் கீழ் இரண்டு பிள்ளைகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிச் சீருடை, படிய வாரிய தலை. "பரிச்ச நேரம், மெதுவாப் பேசுங்க" என்றாள் அவள். கோயம்புத்தூர்ப் பெண் உடனே குரலைத் தாழ்த்தி, "எந்த ஸ்கூல்ங்க?" என்று கேட்டாள். "பக்கத்துலயே" என்று பதில் வந்தது.

இருபது வருடம் வார்டில் நின்றவள் நான். யாரைப் பார்த்தாலும் முதலில் மூச்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் என் கண் போகும். அந்த இரண்டு முதுகுகளும் அசையவில்லை. யாரும் தடுப்பதற்குள் போய், சின்னவனின் பிடரியில் கை வைத்தேன். பிளாஸ்டிக். துணிக்கடை பொம்மை. ஆனால் தலைமயிரில் எண்ணெய் வைத்திருந்தார்கள். என் விரலில் தேங்காயெண்ணெய் வாசனை.

திரும்பினேன். பட்டுப்புடவைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். ஹாலில் அந்தத் தம்பதி பால்கனி கிழக்கு பார்த்து இருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேரே வாசலுக்கு வந்தேன். வாட்ச்மேனிடம், "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார். நரைத்த சுருட்டை முடி, களைத்த கண்கள்.

"வீடு வாங்கவா வந்தீங்க மேடம்?"

"சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கேன்."

அவர் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். பெயர் கௌதமன். வாட்ச்மேன் இல்லை, ஓவியர். இது விற்பனைக்கான வீடு இல்லை, அவருடைய கண்காட்சி. அந்த அட்டை கண்காட்சிக்கான அழைப்பிதழ். ஓவியர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்தது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டது. "வந்தவங்க பாத்து சிரிப்பாங்கன்னுதான் செஞ்சேன்" என்றார். "யாரும் சிரிக்கல மேடம். பார்க்கிங் எங்கன்னு கேக்கறாங்க."

நான் வாயில் வந்தபடி பேசினேன். விமானம் ஏறி வந்த ஒருத்தியை இப்படிக் காலிக் கோப்பையில் காபி குடிக்கவைப்பது என்ன கலை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நாளைக் காலை அல்சூருக்கு வாருங்கள், ஒரு வேளை சாப்பாடாவது நிஜமாகப் போடுகிறேன் என்றார்.

அன்று தனபாலுக்கு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினேன். நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் கேட்டார்: "ஜன்னல் எந்தப் பக்கம்?"

போனை வைத்துவிட்டேன்.

கோபம் இருந்தாலும் மறுநாள் அல்சூர் போனேன். ஏரியின் மேல் பனி. இது நிஜ ஏரி, அதனாலேயே கொஞ்சம் நாறியது. பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன ஓட்டலில் தட்டு இட்லி சாப்பிட்டோம், தட்டகலம், பஞ்சு போல. கௌதமன் அந்தத் தெருவிலேயே பிறந்தவர். வீட்டில் புத்தர் படம் வைத்துக் கும்பிடும் குடும்பம். பல வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் சந்தோஷமான குடும்பம் வரைவதுதான் அவர் வேலை. குக்கருக்கும் அதே குடும்பம், பிஸ்கட்டுக்கும் அதே குடும்பம், இன்சூரன்சுக்கும் அதே குடும்பம். ஒருநாள் அந்த நான்கு பேரையும் வரைந்து முடித்தபோது, அவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மறந்துபோனது. கம்பெனியில் கேட்டார். அவர்களும் இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அன்றோடு வேலையை விட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் இந்த மாதிரி காரியங்கள். ஒரு வாஷிங் மெஷினுக்குக் கழுத்துப்பட்டை கட்டி, நாயைப்போல மார்க்கெட் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எல்லோரும் நின்று, எந்தக் கம்பெனி, எத்தனை கிலோ துணி பிடிக்கும் என்று கேட்டார்களாம். காலிப் பெட்டிகள் மட்டும் விற்கும் ஒரு கடை திறந்திருக்கிறார். பலகையில் 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று மூன்று மொழியில் எழுதியும் வைத்தார். நல்ல வியாபாரம்.

"ஒருத்தர் மட்டும் திரும்ப வந்தாரு மேடம். நான் சந்தோஷப்பட்டேன், சரி, ஒருத்தருக்காவது கோவம் வந்திருக்கேன்னு. அவரு, பெட்டி ஓரம் நசுங்கியிருக்கு, வேற குடுங்கன்னாரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"நீங்க நர்ஸ்னு சொன்னீங்க" என்றார். "தேவகிய ஒருதரம் வந்து பாக்கறீங்களா?"

தேவகிதான் அந்தப் பட்டுப்புடவைப் பெண். தர்மபுரிப் பக்கம். பொம்மசந்திராவில் பேக்கிங் வேலை செய்துகொண்டிருந்தவளை, நாடகக்காரர்களைவிட இயல்பாக இருக்கிறாள் என்று கௌதமனே தேர்ந்தெடுத்திருக்கிறார். கணவனாக நடிப்பவர் மேடை நடிகர், மாலையானதும் சட்டையை மாற்றிக்கொண்டு போய்விடுவார். தேவகி போவதில்லை. முதலில் சாமான்களுக்குக் காவலாக இருக்கிறேன் என்றாள். இப்போது வெளியே வருவதே இல்லை. பார்வையாளர் இல்லாத நேரத்திலும் காபித் தட்டோடு நடக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலை வாருகிறாள், பேசுகிறாள்.

"ஞாயித்துக்கெழம கண்காட்சி முடியுது. லாரி வரும், பிரிச்சிடுவோம். அவகிட்ட சொன்னா, சரிங்க சார்னு சிரிக்கறா. அந்தச் சிரிப்பு நான் வரைஞ்ச சிரிப்பு மேடம். எனக்குப் பயமா இருக்கு."

சனிக்கிழமை கண்காட்சிக்கு விடுமுறை. மத்தியானம் தனியாகப் போனேன். கொட்டகைக்குள் அந்த வீடு மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. படியில் ஏறும்போதே உள்ளே பேச்சுக் குரல். "சாப்ட்டு எழுதலாம்ல. ஓடியா போயிடும்?" பதில் வருவதற்கு விடும் இடைவெளி. பிறகு, "சரி, சரி."

என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. "வாங்க அக்கா" என்று சோபாவைக் காட்டினாள். ஜன்னலில் அதே மாலை. அந்த ஆரஞ்சு ஒளியில் அவள் முகம் சுவரொட்டிபோல வழவழவென்று இருந்தது. நாடி பிடிக்கும் சாக்கில் அவள் கையை எடுத்துக்கொண்டேன். சீராகத்தான் இருந்தது.

"கோயம்புத்தூர்ப் புள்ளைங்களுக்கு நாலாவது மாடி குடுத்துட்டன்" என்றாள். "தொளசி வெக்க பால்கனி வேணும்னாங்க. ஒங்களுக்கு ரெண்டாவதுதான். முட்டி வலிக்குதே ஒங்களுக்கு, படியேறும்போதே பாத்தன்."

"அந்த மாடியெல்லாம் எங்க இருக்கு தேவகி?"

அவள் விரலை மேலே காட்டினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். தகரக் கூரை, அதில் ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாய் வெயில். ஒரு கணம், இரண்டாவது மாடி எந்த உயரத்தில் வரும் என்று என் கண் தானாக அளந்தது.

"அந்தப் பசங்க யாரு?" என்று கேட்டேன்.

தேவகி என் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். குரல் மாறியது.

"பொம்மன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நீங்க ஒருத்தர்தான் தொட்டுப் பாத்தீங்க. அதனால சொல்றன். எனக்குப் பைத்தியமில்ல அக்கா."

பிறகு அவளாகவே சொன்னாள். பேக்கிங் வேலையில் இருந்தபோது ஒரே அறையில் பல பெண்கள். கட்டில் போதாது. இரவு வேலைக்காரி காலையில் வந்து, தூங்குகிறவளைத் தட்டி எழுப்பி, அந்தச் சூட்டிலேயே படுப்பாள். தேவகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தானாக விழித்ததே இல்லை. எப்போதும் யாராவது எழுப்பித்தான். ஊரில் அண்ணன் வீடு, அங்கே அவளுக்கு இடமில்லை. கட்டிய கணவன் வேறொருத்தியோடு போய்விட்டான்.

"மொத நாளு இங்க படுத்தன். எழுந்து பாத்தா யாருமே எழுப்பல. நானா முழிச்சிருக்கன். அழுகையே வந்துடுச்சு. ஆனா மணி என்னான்னு தெரியல, வெளிய எப்ப பாத்தாலும் சாயங்காலம். வெளிய போனா வெயிலு கண்ணக் குத்துது. சரி, இங்கயே இருப்போம்னு இருந்துட்டன்."

"அந்தப் பசங்களோட பேசறியே."

"பேசலன்னா வீடு மாதிரி இல்லியே" என்றாள். "சாரு இத கிண்டலுக்குக் கட்டினாரு. வர்றவங்க ஆசயப் பாத்து சிரிக்கறதுக்கு. எனக்கு அது புரிஞ்சிது அக்கா. ஆனா எனக்குச் சிரிப்பு வரல. இதுக்கு ஆசப்பட்டா என்ன தப்பு?"

மருந்து கொடுக்கிற நோயாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். சாயங்காலம் அல்சூருக்குப் போய்க் கௌதமனிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஏரிக்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "கம்பெனியில இருந்தப்போ இவ மாதிரி ஆளுங்களுக்கு இந்த ஆசைய வித்தேன். வெளிய வந்து இவங்கள வெச்சு வித்திருக்கேன்" என்றார். ஜீவனஹள்ளி திரும்பியதும் கஸ்தூரியிடம் மாடியில் காலியாக இருக்கும் ஒற்றை அறையைப் பற்றிக் கேட்டேன். "பொம்மையோட பேசறவள வெச்சிக்கினு நா இன்னா பண்றது அண்ணி?" என்றாள். பிறகு ஒரு மணி நேரம் பூண்டு உரித்துவிட்டு, "தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும்னு சொல்லிட்டு கூட்டினு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது வாசலில் லாரி நின்றது. கொட்டகைக்குள் நிற்க இடமில்லாத கூட்டம். ஜோல்னாப் பை தொங்கவிட்ட கலை ரசிகர்கள் பாதி, வீடு வாங்க வந்தவர்கள் பாதி. எல்லோரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள். அந்தக் கதவு மூடியிருந்து நான் பார்த்ததில்லை. எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது கண்காட்சியின் விதி. தேவகி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள்.

கௌதமன் படியில் நின்று, "தேவகி, கதவத் தெறம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து, "யாரும் வராதீங்க" என்று ஓர் அலறல். கூட்டம் கை தட்டியது.

நான் திகைத்துத் திரும்பிப் பார்த்தேன். மகிழ்ச்சியான, கவனமான முகங்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவர், "கடைசி நாளுக்குன்னு தனியா தயார் பண்ணியிருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். கௌதமன் ஒரு ஸ்டூலில் ஏறினார். தமிழில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே வீடு இல்லை, கட்டடம் வராது, எல்லாம் பொய், என்னை மன்னித்துவிடுங்கள், உள்ளே ஒரு பெண் நிஜமாகவே அழுகிறாள், தயவுசெய்து போய்விடுங்கள் என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்து கண்ணீர் வந்துவிட்டது. கை தட்டல் கூரையில் மோதியது. புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. "என்னமா நடிக்கிறார்" என்று யாரோ சொன்னது கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவருகே நின்றேன். "தேவகி, நான் சரோஜா" என்றேன். சற்று நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. "நீங்க மட்டும்" என்றாள்.

உள்ளே முதல்முறையாக மாலை இல்லை. ஜன்னலின் வயரை அவள் பிடுங்கிவிட்டிருந்தாள். ஏரி இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தகடு, அதன் பின்னால் கம்பிகளும் டியூப் லைட்டுகளும். அரை இருட்டில் அந்த இரண்டு முதுகுகள். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வெளியே கூட்டம் மூச்சுவிடுவது மெல்லிய மரப்பலகை வழியே கேட்டது.

"ஜீவனஹள்ளியில ஒரு ரூம் இருக்கு" என்றேன். "ஏரியெல்லாம் தெரியாது. எதுத்த வீட்டுச் சுவருதான். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். பக்கத்து வீட்டுல காலையிலயே சண்ட போடுவாங்க."

"யாரோட பங்கு போட்டுக்கணும்?"

"யாரோடவும் இல்ல."

"ஆளுங்க வந்து பாத்துட்டுப் போவாங்களா?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க. வாடகை கேட்டு கஸ்தூரிதான் வருவா."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. கோணலான, பல் தெரிந்த சிரிப்பு. கௌதமன் வரைந்தது இல்லை. எழுந்து உள்ளே போய்ப் பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டுத் தன்னுடைய பூப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பட்டை நான்காக மடித்துச் சோபாவில் வைத்தாள். பிள்ளைகள் இருந்த அறையின் விளக்கை அணைத்தாள்.

நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது கூட்டம் வழிவிட்டது, மறுபடியும் தட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படியின் கீழே அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் நின்றாள். "அக்கா, அப்ப எங்க வீடு?" என்றாள்.

தேவகி நின்றாள். "வீடு இல்லம்மா. நாங்க சும்மா ஒக்காந்துனு இருந்தோம்."

"அது தெரியுங்க்கா" என்றாள் அந்தப் பெண், சிரித்தபடி. "பால்கனி மட்டும் மாத்திடாதீங்க."

தேவகியின் விரல்கள் என் கையில் இறுகின. பஸ் வரும்வரை அந்தப் பிடி தளரவில்லை.

திங்கட்கிழமை கௌதமன் ஒரு வேனோடு ஜீவனஹள்ளி வந்தார். பொம்மைகளைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் துணிக்கடையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது. தேவகியும் வருகிறேன் என்றாள். பின் இருக்கையில் நாங்கள் இருவர், நடுவில் சீருடையோடு அந்த இரண்டு பேர். சிக்னலில் நின்றபோது, பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் உள்ளே பார்த்துக் கனிவாகச் சிரித்தாள். தன் முன்னால் நின்ற குழந்தையின் கையைப் பிடித்து எங்களை நோக்கி ஆட்டினாள். தேவகி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். முன்னால் இருந்த கௌதமன் கையை நீட்டி, பெரிய பொம்மையின் கையைத் தூக்கி ஆட்டினார். ஸ்கூட்டர் போய்விட்டது. அவர் அந்தப் பிளாஸ்டிக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டார்.

கடைப் பையன்கள் பொம்மைகளை ஆளுக்கொன்றாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கௌதமனைக் கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் செய்யாம இருக்கணும் மேடம். அதையும் வந்து யாரும் பாக்காம இருக்கணும்" என்றார். தேவகியைப் பார்த்துக் கை கூப்பினார். அவளும் கூப்பினாள். அவ்வளவுதான்.

வரும் வழியில் இரும்புக் கடை ஒன்றில் தேவகி ஒரு பூட்டு வாங்கினாள். மூன்று நான்கை எடுத்துத் திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தாள். தலையணை ஒன்றும் வாங்கினாள்.

அன்று மத்தியானம் படுத்தவள், மறுநாள் விடிந்து வெகு நேரமாகியும் எழவில்லை. கஸ்தூரிக்குப் பயம். "போய் பாத்துட்டு வரட்டா அண்ணி?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் எழுப்பாதே என்றேன். எனக்கு அன்று ஊருக்குக் கிளம்பவேண்டும். பெட்டியைக் கட்டி முடித்தும் மேலே சத்தமில்லை. கடைசியில் கஸ்தூரி ஒரு தட்டில் எலுமிச்சைச் சாதத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன்.

கஸ்தூரி கதவைத் தட்டினாள். உள்ளே பாய் சரசரத்தது. யாரோ புரண்டு எழுந்து உட்காரும் சத்தம். கதவு உடனே திறக்கவில்லை.

"யாரு?" என்று கேட்டாள் தேவகி.

"யாரா? நாந்தான், கஸ்தூரி. வேற யாரு வருவா?"

உள்ளே நீளமாக ஒரு கொட்டாவி. பிறகு தூக்கம் கலையாத, அவசரமில்லாத குரலில் தேவகி சொன்னாள்: "இருங்க, வர்றன்."

கஸ்தூரி தட்டோடு காத்துக்கொண்டு நின்றாள்.